ஆஷ் ஹாலோ பள்ளிக்கு எதிராக என் கை

ஜனவரி 9, செவ்வாய்

பள்ளி வாரியக் கூட்டம். பார்க்க வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் குளிர்காய வந்தவர் போலிருந்தது, பாதியிலேயே தூங்கிவிட்டார்.

மாநில உதவி இந்த ஆண்டு குறைகிறது. கண்காணிப்பாளர் ஆட்வுட் திரையில் கணக்கைக் காட்டினார். ஆறு லட்சத்துச் சொச்சம் டாலர் பள்ளம். "எங்கெல்லாம் குறைக்கலாம்னு எல்லாத்தையும் பாக்கணும்" என்றார். 'எல்லாத்தையும்' என்று சொல்லும்போது என் பக்கம் பார்த்தாரா? ஐந்து உறுப்பினர்களில் ஆஷ் ஹாலோவில் குடியிருப்பவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்காரர் வேய்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

ஜனவரி 13, சனி

டார்லீனோடு காலைச் சாப்பாடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிற அதே உணவகம். அவள் ஆஷ் ஹாலோ பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். ஆனாலும் மற்றவர் போட்ட முட்டையைக் குறை சொல்லத்தான் சனிக்கிழமை வெளியே வருவாள்.

"ஏன்டி, நம்ம ஸ்கூல்ல கை வைக்க மாட்டீங்கல்ல?" என்றாள்.

"தெரியல."

"தெரியலன்னா? நீதானே அங்க உக்காந்திருக்க?"

"அஞ்சு பேர்ல ஒருத்தியா உக்காந்திருக்கேன்."

சிரித்தாள். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். ஆட்வுட்டின் முதல் காகிதத்திலேயே எங்கள் பள்ளியின் பெயர் இருக்கிறதென்று.

ஜனவரி 30

பள்ளியில் இப்போது அறுபத்து மூன்று பிள்ளைகள். வேய்ன் படித்தபோது நூற்று எழுபது.

பிப்ரவரி 13, செவ்வாய்

பொது விசாரணையை எங்கள் பள்ளி விளையாட்டுக் கூடத்திலேயே வைத்தார்கள். இருநூறு பேருக்கு மேல். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். வேய்னின் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டது இந்தக் கூடத்தில்தான். டார்லீன் அன்று காசு வாங்காமல் சமைத்தாள்.

வழி இரண்டே. ஆஷ் ஹாலோவை மூடிப் பிள்ளைகளைப் பக்கத்து ஊரான பெல்டனின் பள்ளிக்கு அனுப்புவது. இல்லையென்றால் பள்ளியை வைத்துக்கொண்டு நர்ஸ், இசை, மாலைப் பேருந்து எல்லாவற்றையும் வெட்டி, வரம்புக்கு மேல் சொத்து வரியும் கேட்பது. அதற்கு நூற்றுக்கு அறுபது பேர் சம்மதிக்க வேண்டும். இந்த ஊரில் நூற்றுக்கு அறுபது பேர் சேர்ந்து எதற்குத் தலையாட்டியிருக்கிறார்கள்?

பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு தகப்பன் கேட்டார்: "என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. இருட்டுல பஸ் ஏறணுமா?" வாரியத் தலைவர் ஹெர்ப், பாவம், மாட்டுப்பண்ணைக்காரர், பேச்சு வராது. "உங்க கருத்துக்கு நன்றிங்க" என்றே எல்லோருக்கும் சொன்னார். ஒரு கிழவர் கத்தினார், "நன்றிய நீயே வச்சுக்க ஹெர்ப், பதில் சொல்லு!"

பிறகு டார்லீன். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"மிஸஸ் ஸ்டாட், நீங்க இந்த ஊர்க்காரங்க. இந்தப் பிள்ளைங்கள்ல யாரு வீட்ல காலைல அடுப்பு எரியலன்னு எனக்குத் தெரியும். தட்டுல ரெண்டு கரண்டி கூடப் போடுவேன். பெல்டன்ல முன்னூறு பிள்ளைங்க. அங்க யாருக்கு அது தெரியும்? சொல்லுங்க."

நாற்பது வருடப் பழக்கத்தில் முதல்முறையாக எனக்கு 'நீங்க'. விசாரணையில் உறுப்பினர் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

பிப்ரவரி 17, சனி

டார்லீன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தனியாகப் போய்ச் சாப்பிட மனமில்லை. ரொட்டியை நின்றுகொண்டே தின்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

யாரையும் கேட்காமல் பள்ளிக்குப் போய், துப்புரவாளர் மில்ட்டிடம் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரைக் காட்டச் சொன்னேன். கீழே அழைத்துப்போனார். டார்ச் அடித்துக் காட்டினார். அடிப்பகுதியில் இரண்டு கோடுகள். விரிசல். முன்பு பற்றவைத்து ஒட்டிய இடமே மறுபடி விட்டிருக்கிறது.

"தினம் காலைல நாலரைக்கு வந்து கையாலதான் சூட்ட ஏத்துறேன். தானா விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. பாத்துத் தெரிஞ்சுக்கவும் ஆசை இல்ல."

"இத எழுதிக் குடுத்தீங்களா?"

"மூணு வருஷமாக் குடுக்கிறேன். மாத்த ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகும்னாங்க. அப்புறம் யாரும் பேசல."

தலைக்கு மேல் பிள்ளைகள் ஓடும் சத்தம். தடதடவென்று. மில்ட் மேலே பார்த்தார், நானும் பார்த்தேன்.

மாலையில் டார்லீனுக்கு மறுபடி போன். இந்த முறை எடுத்தாள். பாய்லரைப் பற்றி ஆரம்பித்தேன்.

"மூடுறதுன்னு முடிவு பண்ணிட்ட. இப்ப காரணம் தேடுற. அதானே?"

வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரியா? காரணம் தேடித்தான் போனேனா? தெரியவில்லை. தெரியவே இல்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

வாக்கெடுப்பு. மூடுவதற்கு இரண்டு பேர். வேண்டாமென்று இரண்டு பேர். ஹெர்ப் என் பெயரைச் சொன்னார்.

கை தூக்கினேன். மூடுவதற்கு.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்து வரிசையாக வெளியே போனார்கள். கடைசியாக டார்லீன், கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, நிதானமாக.

பிப்ரவரி 28

கை தூக்க ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் இன்று முழுக்க உறுத்துகிறது.

மார்ச் 10, ஞாயிறு

தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. வருடா வருடம் போவது, இந்த முறை போகாவிட்டால் ஒளிந்துகொண்டதாக ஆகும் என்று போனேன். எட்டுப் பேர் உட்காரும் மேசையில் நான் ஒருத்தி. மற்ற மேசைகளில் இடமில்லாமல் தட்டோடு நின்றவர்கள்கூட வரவில்லை. மேப்பிள் பாகு ஊற்றிய பெண், நான் மூக்குத் துடைத்துவிட்ட காலத்திலிருந்து தெரிந்தவள், "போதுமாங்க?" என்றாள். அவ்வளவுதான்.

ஒரு பான்கேக்கை இருபது நிமிடம் தின்றேன். எழுந்து ஓடியதாக யாரும் சொல்லக் கூடாதே.

மார்ச் 19

எல்லா வீட்டுக்கும் போகிற பள்ளிச் செய்திமடலில் இந்த முறை என் பங்கு. உறுப்பினர்கள் முறைவைத்து எழுதுவோம், எழுதியவர் பெயரும் போடுவார்கள். என் முறை இப்போதா வர வேண்டும்! எழுத்துக்கூட்டல் போட்டியில் பெல்டன் அணி மாவட்டத்தில் இரண்டாம் இடம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதியோர் இல்லத்துக்கு நானூறு சாக்லேட் பொட்டலம் செய்து கொடுத்தார்கள். அதன் கீழே, 'ஆஷ் ஹாலோ பிள்ளைகளின் புதிய பயண ஏற்பாடு.' நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஆட்வுட் 'வாய்ப்பு' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை. 'மூடுகிறோம்' என்றே போட்டேன். கீழே என் பெயர்.

ஏப்ரல் 22, திங்கள்

வாரியத் தேர்தலுக்கு வேட்புமனு கடைசி நாள். என் பதவிக்காலம் முடிகிறது. என் இடத்துக்கு நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நான்கரை மணிக்கு அலுவலகப் பெண் போன் செய்தாள். "இன்னொருத்தங்க குடுத்திருக்காங்க. நீங்க வெளிய கேள்விப்படுறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு."

டார்லீன்.

பள்ளி ஊழியர் வாரியத்தில் இருக்கக் கூடாது. பெல்டன் சமையலறையில் தருவதாகச் சொன்ன வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது அவளுக்கு.

மே 7

வேட்பாளர்கள் பேசும் கூட்டம். நான் பாய்லர், கூரை, எண்கள் என்று பேசினேன். அவள் ஒரே ஒரு வாக்கியம்: "எனக்குக் கணக்கு வராது, ஆனா பிள்ளைங்க பேரு எல்லாம் தெரியும்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கும் தட்டத் தோன்றியது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மே 21, செவ்வாய்

வாக்குப்பதிவு. பட்ஜெட் நிறைவேறியது, ஆதரவு 688, எதிர்ப்பு 541. நர்ஸ் இருப்பார், இசை இருக்கும்.

என் இடம்: டார்லீன் 702, நான் 498.

நான் யாருக்குப் போட்டேன் என்று இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். எனக்குத்தான் போட்டேன். பெருந்தன்மையெல்லாம் வரவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. சனிக்கிழமை போயிற்று, கூட்டம் நடக்கும் செவ்வாய்க்கிழமையும் போய்விட்டால் எனக்கு வாரத்தில் என்ன மிச்சம்?

ஜூன் 25

ஆஷ் ஹாலோவில் கடைசி நாள். போகவில்லை. அழைக்கவும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பதினொன்றரைக்குப் பிள்ளைகள் கூச்சல் கேட்டது, அப்புறம் கார்களின் ஹாரன். பிறகு ஒன்றுமில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பழக்கத்தில் கூட்டத்துக்குப் போனேன். டார்லீன் பதவி ஏற்றாள். முதல் வேலையாக ஆஷ் ஹாலோவைத் திரும்பத் திறக்கச் சொல்லி முன்மொழிந்தாள். தோற்றது, ஒன்றுக்கு நான்கு. போன முறை வேண்டாமென்ற இருவரும்கூட அவளோடு கை தூக்கவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் எதிரெதிரே வந்துவிட்டோம். அவள் கையில் தடித்த பட்ஜெட் கோப்பு.

"மில்ட் எழுதினத எல்லாம் படிச்சேன். மூணு கடுதாசியும்" என்றாள்.

"ம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் டார்லீன். நீ போன வச்சுட்ட."

"அந்தக் காகிதத்துல நம்ம ஸ்கூல் பேரு இருக்குன்னு ஜனவரிலயே சொல்லியிருக்கலாம்னேன்."

அவள் காரைத் திறந்தாள், ஏறினாள், போனாள்.

ஆகஸ்ட் 20

போன். டார்லீன் குரல், ஆனால் அலுவலகக் குரல். "ஆஷ் ஹாலோ பஸ்ல சின்னப் பிள்ளைங்களோட துணைக்குப் போக ஆள் வேணும். மூணு தடவ விளம்பரம் குடுத்தும் யாரும் வரல. காலைல ஆறே முக்காலுக்கு ஏறணும். நீங்க சும்மாத்தான இருக்கீங்க."

சும்மாத்தான் இருக்கிறேன். வலித்தது. சரி என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

முதல் நாள். பெல்டன் போய்ச் சேர ஐம்பத்தெட்டு நிமிடம். நாங்கள் வாக்களித்த காகிதத்தில் முப்பத்தைந்து என்று இருந்தது. காகிதத்துக்குப் பால் லாரி தெரியாது, குன்றுப் பாதை தெரியாது. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. இன்னொன்றுக்கு அவசரம். அடக்க முடியாமல் அழுதது. ஓட்டுநர் நடுவழியில் நிறுத்த முடியாது என்றாள். என் ஸ்வெட்டரைக் கழற்றி அதன் இடுப்பில் கட்டிவிட்டேன், ஈரத்தை யாரும் பார்க்காதபடி.

இதற்குத்தான் கை தூக்கினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பொதுமக்கள் ஒலிவாங்கியில் பேசினேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தே பழகியவளுக்கு மூன்று நிமிடம் எவ்வளவு சிறியது என்று இன்றுதான் தெரிந்தது. நான்கு நாளும் நேரம் குறித்திருந்தேன். வாசித்தேன்: ஐம்பத்தெட்டு, ஐம்பத்து நான்கு, அறுபத்தொன்று, ஐம்பத்தேழு.

"இந்தப் பள்ளியை மூட வாக்களித்தவள் நான்தான். மூடியது தப்பு என்று சொல்ல வரவில்லை. முப்பத்தைந்து நிமிடம் என்று நம்பினேன். யாரும் ஓட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கில்லை அது. நானும் கேட்கவில்லை. இரண்டாவது பேருந்து வேண்டும்."

பின்னால் யாரோ, "இப்பத்தான் கண்ணு தெரியுதாக்கும்!" என்றார்கள். நியாயம்தான்.

டார்லீன் முன்மொழிந்தாள். ஹெர்ப் தொண்டையைச் செருமி, "நான் வழிமொழியறேன்" என்றார். ஐந்து கையும் உயர்ந்தன. அவசரச் சேமிப்பிலிருந்து எடுப்பார்களாம்.

செப்டம்பர் 23, திங்கள்

இரண்டு பேருந்து. மழை. இரண்டாவதற்கும் துணைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆறே முக்காலுக்கு நிறுத்தத்தில் மழைக்கோட்டோடு டார்லீன்.

"சம்பளம் வாங்காம ஏறினா போர்டு மெம்பர் போகலாமாம். வக்கீலக் கேட்டுட்டேன்" என்றாள். என்னிடமா, மழையிடமா, தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு இன்னும் கோவம்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

என் பேருந்துக்கு முப்பத்து மூன்று நிமிடம் ஆனது. யாரும் அழவில்லை.

பெல்டனில் பிள்ளைகளை இறக்கிவிட்டோம். காலிப் பேருந்துகள் எங்களை ஊருக்குத் திரும்பக் கொண்டுவிடும். அவளுடையது முன்னால் நின்றது, கதவு திறந்து. அதைத் தாண்டி நடந்து வந்து என்னுடையதில் ஏறினாள். எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். நாற்பத்து நான்கு இருக்கைகள், நாங்கள் இருவர். அவள் கழுத்தில் கோட்டுக் காலர் மடங்கிக் கிடந்தது. சரிசெய்துவிட்டேன். அவள் திரும்பவில்லை. ஆனால் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.