அசனத்தன்று சொன்ன சாட்சி

குற்றாலம்
14.6.2024

அன்புள்ள கிருபா,

நான் சுகம் என்று எழுத முடியவில்லை, நீயாவது சுகமா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம். இங்கே சீசன் தொடங்கிவிட்டது, என் தையல் கடை வாசலில் நிற்க இடமில்லை.

எனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. நவம்பரிலேயே திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். கீமோ என்றதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். நம் சபை அசன விருந்தன்று மைக்கில் உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சாட்சி சொன்னாயே, மருந்தை நுண்துகளுக்குள் வைத்தால் நேரே கட்டிக்குப் போகும், முடிகூடக் கொட்டாது, சீக்கிரம் வந்துவிடும் என்று. அதற்குத்தான் காத்திருக்கிறேன். "ஏட்டி, உன் கூட்டாளி மருந்து எப்ப வருது? கேளு" என்று என் வீட்டுக்காரர் நச்சரிக்கிறார். நீயோ ஒரு வரி எழுதவில்லை. எப்போது வரும்?

உன்
ஷெர்லின்


பெங்களூரு
20.6.2024

ஷெர்லின்,

இது கிடைத்த அன்றே திருநெல்வேலிக்குப் போ. கீமோவை ஆரம்பி.

என் மருந்து வராது. எங்கள் ஆய்வகத்தில் ஒன்பது எலிகளுக்குப் போட்டோம், ஐந்துக்குக் கட்டி சுருங்கியது. அவ்வளவுதான். இந்த முறையில் வேறு மருந்துகள் சில உண்டு; உனக்கு எது பொருந்தும் என்று உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை.

மைக்கில் எலி என்று நான் சொல்லவே இல்லை. சாட்சி என்றால் கர்த்தர் செய்து முடித்ததைத்தானே சொல்வார்கள், பாதி வேலையை எப்படிச் சொல்வது என்று இருந்தது. போதகர் ஞானதுரை "அல்லேலூயா" என்றதும் இன்னும் கூட்டிச் சொன்னேன். உன் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என்னை மன்னித்துவிடு.

கிருபா


குற்றாலம்
2.8.2024

கிருபா,

இரண்டு கீமோ முடிந்தது. முடி போய்விட்டது. "எட்டு மாசமா என்னம்மா செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். கட்டி அக்குளுக்கும் பரவியிருக்கிறது. உன் பெயரை நான் சொல்லவில்லை. எனக்கும் வெட்கம்தான், முடிக்குப் பயந்து கிடந்தேனே.

உன்மேல் கோபம் இருக்கிறது. மன்னிப்பை இப்போது கேட்காதே.

அச்சன்புதூர் சங்கரம்மாள் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவள். அவளும் அன்றைக்குப் பந்திக்கு வந்திருந்தாள். நேற்று அளவெடுக்கும்போது மார்பில் ஒரு கட்டியைக் காட்டினாள். "அந்த மைக்குல பேசின பிள்ளை மருந்து வரட்டும்னு இருக்கேன்" என்கிறாள். எலி என்று சொன்னேன், கேட்கவில்லை. என் தலைத்துணியை எடுத்துக் காட்டினேன். "அதுக்குத்தான் சொல்லுதேன், முடி போவுதுல்லா" என்கிறாள்.

நீ சொன்னால்தான் நம்புவாள். இது கிடைத்ததும் அடுத்த ஞாயிறே வா. முதலில் அவளிடம் சொல், பிறகு மைக்கில் சொல். அன்றைக்கு எண்ணூறு இலை போட்டோம், கிருபா.

ஷெர்லின்