வெங்காய வயலில் விட்டுவந்த அடிப்பாதி

மார்ச் 3, ஞாயிறு
வெங்காயம் எடுத்து முடிந்த வயலில் காலை முழுதும் மெட்டல் டிடெக்டரோடு நடந்தேன். ஆணிகள், ஒரு மாட்டு லாடம், கை நிறைய சோடா மூடி. குழிகளை மூடிவிட்டு, வழக்கம்போல் கிடைத்ததையெல்லாம் வயல்கார அக்காவுக்குக் காட்ட கேட்டருகே விரித்தேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க பையையா தம்பி நான் சோதிக்கணும்? போங்க." வாரம் முழுதும் ஸ்கூல் வண்டி ஓட்டிப் பிள்ளைகளிடம் திட்டு வாங்குகிறவனுக்கு இந்த மரியாதை பெரிது.

மார்ச் 10, ஞாயிறு
இன்று மச்சினனும் வந்தான். வயல்கார அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வரப்போரம் மெஷின் விடாமல் கத்தியது. முழங்கை ஆழத்தில் ஒரு மண்பானை, உள்ளே பழைய வெள்ளிக் காசுகள்! தொடாமல் விட்டு மியூசியத்துக்குச் சொல்வதுதான் முறை. தெரியும். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மச்சினன் கடப்பாரையைப் போட, பானை உடைந்தது. காசையும் மேல்பாதி ஓடுகளையும் வாளியில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தோம். அடிப்பாதி மண்ணுக்குள்ளேயே.

மார்ச் 11
மச்சினன் சொல்கிறான்: "ஒப்படைச்சா கவர்மெண்ட் தர்ற சன்மானத்துல ஒரு பங்கு நிலத்துக்காரங்களுக்குப் போயிடும் மாமா. அப்பாவோட தரிசுல கிடைச்சதுன்னு சொல்லிடுவோம். அந்தம்மாவுக்கு இப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. தெரியாததை இழந்து யார் அழுவாங்க?"
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யோசிப்போம் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

மார்ச் 13
மியூசியத்தில் ஒப்படைத்தோம். தரிசில் கிடைத்தது என்று அவன் சொன்னான், நான் தலையாட்டினேன்.

மார்ச் 16, சனி
மியூசியம் அதிகாரி மாமனாரின் தரிசுக்கே வந்துவிட்டார். ஒல்லியான பெண், முழங்காலெல்லாம் மண். நேற்று நாங்களே வெட்டி வைத்த குழியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். "பானை இப்பதான் உடைஞ்சிருக்கு. அடிப்பாகம் இங்கதான இருக்கணும்? அது கிடைச்சா, எப்ப புதைச்சாங்கன்னே சொல்லிடலாம். திங்கக்கிழமையும் வர்றேன்." நாங்கள் பொய் சொல்வோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.
திரும்பும்போது வயல்கார அக்கா எதிரே வந்தார். உழுவதற்கு நாளை மறுநாள் டிராக்டர் வருகிறதாம்.

மார்ச் 17
காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்: என்னடா பண்ணி வச்சிருக்க? உழுதா அது தூள்தூளாயிடும். அந்தப் பொண்ணு தரிசுல தேடிக்கிட்டே இருக்கும். காசு எங்கேருந்து வந்ததுன்னு எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாமலே போயிடும் —
சாயங்காலம் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "டிராக்டரை வர வேணாம்னு சொல்றேன். நீங்க கிளம்புங்க." தம்பி என்று சொல்லவில்லை.

மார்ச் 18
அதிகாரியிடமும் சொன்னேன். வீட்டில் மனைவி: "என் தம்பியைக் காட்டிக் கொடுத்துட்டீங்க."
"என்னையும் சேர்த்துத்தான்" என்றேன். அது அவளுக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

ஏப்ரல் 2
அடிப்பாதி முழுசாகக் கிடைத்தது. அதில் ஒட்டியிருந்த கருகிய தானியத்தை வைத்துக் காலத்தைக் கண்டுபிடித்துவிடலாமாம். அதிகாரி இதை அக்காவைப் பார்த்தே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூன் 9
பொய் சொன்னதால் எங்கள் பங்கு ரத்து. அக்காவுக்கு அவர் பங்கு உண்டு. மச்சினன் தன் மெஷினை விற்றுவிட்டான். என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஜூலை 14, ஞாயிறு
அக்கா போன் செய்தார். கலப்பையை டிராக்டரில் மாட்டும் இரும்பு முளை வயலில் விழுந்துவிட்டதாம், மெஷினோடு வர முடியுமா என்று. ஓடினேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. குழிகளை மூடி, முளையைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனேன்.
"பையைக் காட்டுங்க தம்பி."
கேட்டருகே விரித்தேன். ஆணிகள், ஒரு சோடா மூடி. குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பையை நானே உதறிக் காட்டினேன்.