யாரிடமும் சொல்லாத நாள்

என் கண்ணான மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், மனசுதான் ஒரு வாரமாக ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம் என்று போனில் சொன்னாய், ஆனால் உன் குரலில் சளி இருந்தது, மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. அம்மா கையெழுத்தில் கடிதம் வருகிறதே என்று பதறாதே. கம்ப்யூட்டர் விஷயம். அப்பா போனில் சொன்னது பாதிதான், மீதியை போனிலும் மெயிலிலும் சொல்லவே கூடாது என்று ரிப்பேர் பார்க்க வந்தவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அதனால்தான் தபால். அடுத்த மாதம் உன் வேலைக்குக் கேட்கிறார்களே, அந்தச் சான்றிதழ்களும் பழைய ஆபீஸ் கடிதங்களும் நீ விட்டுப்போன இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. வழக்கம்போல அங்கிருந்தே திறக்கப் போகாதே. பழைய பாஸ்வேர்டு இப்போது செல்லாது, ஐந்து தடவை தப்பாகப் போட்டால் அடியோடு பூட்டிக்கொள்ளுமாம். கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் கை வை.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன், அப்பாவிடம்கூட இவ்வளவு சொல்லவில்லை. நாலைந்து மாதமாகவே கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்று அடம். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு நான் வீடு கூட்டி முடித்து வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பேத்தி முகம் பார்க்க உட்கார்ந்தால் பிள்ளை வாயசைப்பது ஒரு நேரம், சத்தம் வருவது ஒரு நேரம். அப்பா அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அந்தச் சமயத்தில்தான் போன புதன்கிழமை ஒருவன் போன் செய்தான். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றான், "அம்மா, உங்க மெஷின் ரொம்ப மெதுவா ஓடுதே, கஷ்டமா இருக்குமே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இவனுக்கு எப்படித் தெரியும் என்று. யாருடைய மெஷின்தான் மெதுவாக ஓடவில்லை என்று ரிப்பேர்க்காரி பிற்பாடு சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் சொன்ன இடத்தில் அமுக்கினேன், என்னவோ இறங்கியது, சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அது பறந்தது. பிறகு பாஸ்வேர்டு கேட்டான். நான் அசைவேனா, "அதைக் கேட்கிற வேலை வச்சுக்காதே, எம் பொண்ணு எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லதும்மா, உங்கள மாதிரி எல்லாரும் இருக்கணும். ஆனா மறந்துட மாட்டீங்களே?" என்றான். யாரைப் பார்த்து மறப்பாய் என்கிறான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் நினைவைப் பற்றி உனக்கு என்னடா தெரியும் என்று ஆரம்பித்து, உன் அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தையல் மெஷினை அவள் சிநேகிதிக்குத் தூக்கிக் கொடுத்த கதையை முழுசாகச் சொன்னேன், கிழமை, தேதி, மாதம், வருஷம், அவள் அன்று கட்டியிருந்த நிறம் உட்பட. அரைமணி நேரம் கேட்டான். இந்த வீட்டில் அதை என்னிடம் கடைசிவரை கேட்டவர் யாரும் கிடையாது. இடையிடையே "அப்புறம்மா?" என்றுவேறு கேட்டான், படுபாவி.

நீ ஊருக்குப் போகும்போது, மறக்கவே மறக்காத நாள் ஒன்று சொல்லும்மா என்று கேட்டு, நான் சொன்ன அந்தத் தையல் மெஷின் நாளையே பாஸ்வேர்டாகப் போட்டுத் தந்தது உனக்கு நினைவிருக்கும். நான் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை என்ற பெருமையில் போனை வைத்தேன், பார்த்தாயா என் கெட்டிக்காரத்தனத்தை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. உன் அத்தை. இருபத்து மூன்று வருஷம் கழித்து என்னிடம் பேசுகிறாள். "அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? உங்க பேர்ல மெயில் வந்திருக்கு, ஆஸ்பத்திரியில இருக்கேன், இதைத் திறந்து பாருன்னு. தயவுசெய்துன்னு வேற எழுதியிருக்கு. நீங்க என்கிட்ட தயவுசெய்துன்னு எழுதவே மாட்டீங்களே, அதான் திறக்கல" என்றாள். நான் சுகமாக இருக்கிறேன் என்றேன். நன்றி என்றும் சொன்னேன், சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். தையல் மெஷினைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. போய்த் திரையைப் பார்த்தால் நான் தொடாமலே அந்த அம்புக்குறி தானாக ஊர்ந்துபோய் உன் பெயர் போட்ட பையைத் திறக்கிறது. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது என்று ரிப்பேர்க்காரி சொன்னாள்.

அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருப்பவள், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பாள், ஒளிவு மறைவில்லாமல் திட்டுவாள், எனக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் என் உறையைத்தான் பிடித்துக்கொண்டாள். தூசி விழக்கூடாது என்று ஓரமெல்லாம் பூ போட்டுத் தைத்து மாட்டியிருந்தேனே, ஓடும்போதும் அதைக் கழற்றுவதில்லை. "அதுக்கு மூச்சு முட்டுதும்மா, நீங்க ஓடும்போது யாராவது கம்பளிய போர்த்துனா எப்படி இருக்கும்?" என்றாள். உள்ளே ஃபேனில் தலையணை அடைக்கிற அளவுக்குப் பஞ்சு. திறக்கும்போதே பதினேழு வேலை தானாகக் கிளம்புகிறதாம், அதில் பதினாலை நிறுத்தினாள். புதுப்பிக்கட்டுமா என்று அது கேட்டபோதெல்லாம், முன்பின் தெரியாதது எது கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லிப் பழகிய நான், இரண்டு வருஷமாக வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறேன். அதுதான் ஓட்டையை அடைக்க வந்ததாம். காவலுக்கு வந்தவனைத் துரத்திவிட்டுத் திருடனுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் துடைத்து, அவன் இறக்கியதை எடுத்தெறிந்து, மெயிலுக்கும் வேறு பூட்டுப் போட்டு, உன் காகிதங்களை ஒரு சின்னப் பெட்டியில் நகல் எடுத்துத் தந்திருக்கிறாள். அப்பாவுக்கென்று கம்ப்யூட்டருக்குள் நுழையத் தனி வாசல், அதன் வழியாகப் பேத்தி முகம் பார்க்கலாம், வேறொன்றையும் தொட முடியாது. உன் வாசலுக்கும் அந்த நகலுக்கும் மட்டும் புதுப் பாஸ்வேர்டு.

அதைப் போடச் சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பிறந்தநாள் கூடாது, பெயர் கூடாது, "நாலு பேருக்கு நீங்க சொன்ன எதுவும் கூடாதும்மா" என்றாள். நான் யோசித்தேன். துணியில் அரை மீட்டர் திருடிய டெய்லர், தெருவுக்கே தெரியும். பாங்கில் என்னை ரேகை வைக்கச் சொன்ன கிளார்க், உனக்கே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி என்னை வாசலில் நிற்கவைத்தது, அவளுக்கே சொல்லியாயிற்று. எனக்கே வெட்கமாக இருந்தது, இத்தனை வைத்திருக்கிறேன், ரகசியமாக ஒன்றுகூட இல்லையே என்று. கடைசியில் ஒன்று அகப்பட்டது.

நீ எட்டாம் வகுப்பு. பெற்றோர் கூட்டம். மழை விட்டிருந்தது, உன் செருப்பு வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தோம். நான் ஒரு வாரமாகப் பழைய நோட்டின் பின்பக்கத்தில் என் பெயரை எழுதி எழுதிப் பார்த்திருந்தேன். நல்லதாக உடுத்திக் கிளம்பி நின்றபோது, "நீ வராதம்மா, அப்பா வரட்டும். நீ கையெழுத்துப் போட நேரமாகும், எல்லாரும் பார்ப்பாங்க" என்றாய். தலைவலி என்று அப்பாவிடம் சொல்லி அவரை அனுப்பினேன். இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த நாள்தான். எண்களை எழுதும் வரிசை பழைய பாஸ்வேர்டைப் போலவே. தேதியை இங்கே எழுத மாட்டேன், தபால்காரர் நல்லவர்தான், ஆனாலும் போன வருஷம் என் பார்சலை மூன்று நாள் பையிலேயே வைத்துச் சுற்றினார். உனக்கு நினைவில்லை என்றால் அன்று அப்பா கையெழுத்துப் போட்ட மதிப்பெண் அட்டையில் தேதி இருக்கிறது, நீ கொண்டுபோன ஃபைலில் அதைப் பார்த்தேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை அம்மா, நீ குழந்தை. உன் வேலை போய்விடக் கூடாது, அதற்காக எழுதினேன்.

திறந்ததும் திறந்துவிட்டது என்று மட்டும் போனில் சொல், வேறு பேச்சு எடுக்காதே, எனக்குத் தாங்காது. என் பெயரில் எது வந்தாலும், தயவுசெய்து என்று இருந்தால் தொடாதே. அங்கேயும் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டால் சரி என்று சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். காகிதங்களை எடுத்த உடனே பாஸ்வேர்டை மாற்றிவிடு, உனக்குச் சொல்லிவிட்டதால் இதுவும் இனி ஆகாது. நீ யாருக்கும் சொல்லாத நாளாகப் பார்த்துப் போடு. என்மேல் உனக்கு இருக்கும் வருத்தங்களில் ஒன்று என்றாலும் சரிதான், எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிக் கையெழுத்திடும்
உன் அம்மா