ஃபோர்க் சீலை நானே மாற்றினேன்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

என் பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தது. (இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றவன் நான்; ஃபோர்க் என்று இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன். அழகாக வந்திருக்கிறது.) நாளைக்கே வண்டியை விற்றுவிடுவதாக மகன் சொன்னான்.

"இந்த வயசுல ஒமக்கு எதுக்குப்பா வண்டி? மீன் ஏலத்துக்கு நான் போறேன்."

"ஒழுகுதது வண்டிதாம்ல, நானில்ல" என்றேன்.

முற்றத்திலேயே ஃபோர்க்கைக் கழற்றினேன். எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல்; புதியதைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

"பழைய சீல்ல எழுத்து மேலல்லா இருந்துச்சு மாமா! இம்புட்டு படிச்சும் தெரியலையே" என்று மருமகள் சிரித்தாள்.

திருப்பி வைத்து, குழாய்த் துண்டால் தட்டி இறக்கினேன். புது எண்ணெய் ஊற்றி மாட்டி முடித்ததும் அவளையே பின்னால் ஏற்றிக்கொண்டு, திரேஸ்புரம் வரை எல்லா வேகத்தடையிலும் ஏறி இறங்கினேன். வந்ததும் மகன் எதிரிலேயே என் வெள்ளை வேட்டியால் ஃபோர்க்கைத் துடைத்தேன். கறையே இல்லை.

நாளை ஏலத்துக்கு நான்தான் போவேன். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.