மேல் பெட்டி

நவம்பர் 4

காலையிலேயே களைப்பு. கேபிள் சோதிக்கும் பத்தாயிரம் வோல்ட் பெட்டிகளைத்தான் இந்தப் பட்டறையில் செய்கிறோம். அரக்கோணத்துக்காரர் ஒருவர் இருபதாயிரம் கேட்கிறார். இரண்டு பெட்டிகளைத் தொடராக இணைத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார் அக்கா கணவர் குணசேகரன். பட்டறை அவருடையது.

"ரெண்டு பேட்டரி சேக்கற மாதிரிதானே புவனா?"

"பேட்டரிய சுவத்துல சொருகறதில்லையே பாவா."

சுவரில் சொருகினால் பெட்டியின் இரும்பு எர்த் வழியாகத் தரையோடு சேர்ந்துவிடும். ஆனால் கீழ்ப் பெட்டியின் பத்தாயிரத்தின் மேல்தான் மேல் பெட்டியின் வோல்ட் ஏறி நிற்கும். அதன் டிரான்ஸ்பார்மரில் கம்பிச் சுற்றுக்கும் இரும்புக்கும் நடுவே மொத்த இருபதாயிரமும் அழுத்தும். மின்சாரம் தாண்டாமலிருக்க அங்கே சுற்றியிருக்கும் காகிதமோ பத்தாயிரத்தைத்தான் தாங்கும். சொன்னேன். சிரித்தார்.

நவம்பர் 6

இரண்டு பெட்டிகளையும் இணைத்துப் போட்டார். ஓடியது. "பாத்தியா?" என்றார். மேல் பெட்டிக்குள் சன்னமாக ஒரு சீறல். அவருக்குக் கேட்கவில்லையாம்.

நவம்பர் 9

அக்கா போன் செய்தாள். "அவருகிட்ட எதுக்கு மல்லுக்கு நின்னுகினு இருக்கற? வீட்டுக்கு வந்து எங்கிட்ட எரிஞ்சு விழறாரு." சரி என்றேன். எதற்குச் சரி என்றேன்?

நவம்பர் 11

அடிக்கடி டிரிப் ஆகிறதென்று மேல் பெட்டியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டார்.

"மாட்டுங்க பாவா. உள்ள பேப்பர் ஓட்டையாச்சுன்னா பெட்டியே ஷாக் அடிக்கும்."

மெயினை அணைத்தேன். அவர் போட்டார். மறுபடி அணைத்தேன்.

"இது உன் பட்டறையா?"

நவம்பர் 12

பாவா விழுந்துட்டாரு. மேல் பெட்டியத் திருப்பப் போனவரு — சத்தம்கூட வரல. ஓடிப் போய் மெயின அணைச்சேன். கை கருகின வாசனை. வழியெல்லாம் கிருத்திகைக் கூட்டம், ஆட்டோ நகரவே இல்ல. மூச்சு இருக்குதா, இருக்குதான்னு அத மட்டும் பாத்துகினே போனேன்.

நவம்பர் 13

பிழைத்துக்கொண்டார். இரண்டு விரல்களில் உணர்ச்சி இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்டாள்: "கூடவே இருந்தியே. நீ நிறுத்தியிருக்கக் கூடாதா?"

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

நவம்பர் 20

டிரான்ஸ்பார்மரைப் பிரித்தேன். காகிதத்தில் குண்டூசி முனையளவு ஓட்டை. அதைச் சுற்றி வேர் விட்டதுபோல் கரிக்கோடுகள். நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. கொஞ்சமும் சந்தோஷமில்லை.

டிசம்பர் 2

பாவா கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்கு வந்தார். அரக்கோணத்துக்காரர் போனில் அவசரப்படுத்தினார்.

"மேல் பெட்டிக்கு வேற டிரான்ஸ்பார்மர் சுத்தணுங்க. எவ்ளோ நாள் ஆவும்னு என்னைக் கேக்காதீங்க," என்று பாவா போனை என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் என்றேன். அந்தப் பக்கம் அவர் கத்தினார்.

ஜன்னல் பக்கம் திரும்பியபடியே பாவா சொன்னார்: "ரெண்டு மாசம்னா ரெண்டு மாசம்தான்னு சொல்லு."