தாழ்ப்பாள் இல்லாத வீடு

மார்ச் 3, ஞாயிறு

அங்கே கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. முதலில் கண்ணில் பட்டது அதுதான். போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். வெளியே அம்மா, "என்னடி, சத்தத்தையே காணோம்" என்றாள்.

கூட்டம் நடப்பது நூலகத்துக்கு மேல்மாடியில். வட்டமாக பிளாஸ்டிக் நாற்காலிகள். வீட்டில் ஒருவரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர்களும், மனநோயோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு இங்கே கூடுகிறார்கள். நான் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கிற தையல் கடை அக்காதான் அழைத்துப்போனார். அவர் கணவர் போனதும் எங்கள் அண்ணன் போனது போலத்தான். கேட்கிறவர்களிடம் மாரடைப்பு என்று சொல்லிவந்தாராம். நாங்கள் காய்ச்சல் என்றோம்.

கூட்டத்தை நடத்துவது ஒரு நர்ஸம்மா. பேசத் தோன்றாதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்றார். அப்பாடா.

அப்பா வரவில்லை. அழுவதற்கு ஊரைக் கூட்ட வேண்டுமா என்றார்.

மார்ச் 5

அண்ணன் போன அன்று அவன் அறை உள்ளே தாழிட்டிருந்தது. அந்த வாரமே அப்பா ஸ்க்ரூடிரைவரோடு வீடு முழுக்கப் போனார். இப்போது எல்லாக் கதவிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டைதான்.

குளிக்கும்போது நான் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாடக் கூச்சம். அதனால் வாய்ப்பாடு. பத்தாவதைப் பாதியில் விட்டவள் தினமும் பதிமூன்றாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறேன்! இன்று பக்கத்து வீட்டு மாமா சுவருக்கு அப்பாலிருந்து, "ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணும்மா, தொண்ணூத்தேழு இல்ல" என்றார். இனி எந்த முகத்தோடு வாசலில் நிற்பது?

எனக்குப் பதினாறு வயது. ஒரு தாழ்ப்பாள் வேண்டும். கேட்டால் அப்பா, "அவனும் இப்படித்தான்..." என்று பாதியில் நிறுத்திவிடுகிறார். அந்தப் பாதிக்கு நான் என்ன பதில் சொல்வது?

மார்ச் 8

கடையில் நாள் முழுக்கக் காஜா. யாரோடும் பேசவில்லை. நல்ல நாள்.

மார்ச் 17, ஞாயிறு

பேசிவிட்டேன்.

பஸ் டிரைவர் ஒருவர் வருகிறார். மனைவிக்கு மனநோய், இப்போது தேறி வருகிறாராம். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இவர் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். "நீ பஸ் ஓட்டுறியா, போன் ஓட்டுறியான்னு கேக்கிறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்க வீட்டுல எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது."

சிரிப்பு நின்றது. எனக்குக் காது சுட்டது. அப்பாதான் கழற்றினார் என்பதையும் சொன்னேன். வாய்ப்பாட்டை மட்டும் விழுங்கிவிட்டேன்.

வீட்டு வாசலில் அம்மா, அப்பாவிடம் தானே சொல்லிவிடுவதாகவும், வேறு யார் வாயாலும் அவர் கேட்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

மார்ச் 18

அப்பா சாப்பிடல. தட்டை அப்படியே நகர்த்திட்டுப் போயிட்டார். ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தவ, வாயைத் திறந்ததும் திறந்தேன் — அப்பா மானத்தை வாங்கிட்டேன். ஆனா பொய்யா சொன்னேன்? ஒரு தாழ்ப்பாள் கேட்டேன். அது தப்பா?

மார்ச் 31, ஞாயிறு

அப்பா வந்தார். தோளில் வேலைப் பை. லிப்ட் பழுது பார்ப்பவர். ஞாயிறானாலும் கூப்பிட்டால் ஓட வேண்டும். வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியில் அவராகவே தொடங்கினார். வேலையைப் பற்றி. லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் எடுத்ததும் ஸ்பேனரைத் தொடக் கூடாது, வெளியே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும், உள்ளேயிருந்து பதில் வரும்வரை பயமில்லை என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட லிப்டுக்கு வெளியில நின்னு பேசிக்கிட்டே இருந்தேன். என் பையன்கிட்ட பேச ஆள் இல்ல."

டிரைவர் தன் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க பொண்ணு பதில் சொல்லுது சார். போன தடவை நாங்க எல்லாரும் கேட்டோம்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 2

காலையில் அப்பா குளியலறைக் கதவின் முன் உட்கார்ந்திருந்தார். ஓட்டைகள் தளர்ந்துபோயிருந்தன. தீக்குச்சியை ஒடித்து உள்ளே செருகித் திருகினார். ஸ்க்ரூ இரண்டு முறை கை தவறி விழுந்தது. பொறுக்கிக் கொடுத்தேன். "கழட்டும்போது இப்படி நடுங்கல" என்றார்.

எழுந்து துண்டை என் கையில் கொடுத்தார். "போ. சும்மா குளி. வாய்ப்பாடெல்லாம் வேண்டாம்."

தாழ்ப்பாளைப் போட்டேன். கதவின் கீழ் இடுக்கில் அப்பாவின் கால்கள் தெரிந்தன. நகரவில்லை.

"ஒரு பதிமூணு பதிமூணு" என்று ஆரம்பித்தேன்.

ஆறாவது வரியில் கால்கள் விலகின. கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

ஏழாவதைச் சொல்லாமல், தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.