அப்பாவின் உயிலும் அடுத்த வருடக் காலண்டரும்

ஆகஸ்ட் 1, வெள்ளி

அச்சில் சனி என்று இருக்கிறது. நம் பிரஸ்ஸில் அடித்த அடுத்த வருடத்து சாம்பிள் டைரி இது. தினமும் கிழமையை அடித்துவிட்டு எழுத வேண்டும். காலை எட்டு மணிக்கே வெயில். காற்று துளி இல்லை.

ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியீடு. அப்பா அறையில் இப்போதே புது வருடக் காலண்டர் தொங்குகிறது. இந்த வீட்டில் நாங்கள் எப்போதும் ஒரு வருடம் முன்னால்தான். அப்படியும் எங்கேயும் போய்ச் சேர்ந்தபாடில்லை.

விருதுநகரிலிருந்து வக்கீல் அண்ணாச்சி. கையில் அப்பாவின் உயில், டைப் செய்தது. வீடும் பிரஸ்ஸும் சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு. பட்டாசு ஆலை எனக்கு. ஆனால் ‘ஆயுள் பாத்தியதை’ மட்டும். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"நீங்க இருக்கிற வரைக்கும் ஆண்டு அனுபவிச்சுக்கலாம். விக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. ஒங்களுக்குப் பொறகு அண்ணன் மகனுக்கு."

ஆண்டு அனுபவிக்கலாமாம்! லைசென்ஸ் என் பெயரில். வெடித்தால் போலீஸ் தேடுவது என்னை. பத்தொன்பது வருடம் ஆலையை நடத்தி அனுபவித்தாயிற்று, போதாதா?

அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பொம்பளப் புள்ளைக்கு எவன் ஃபேக்டரி எழுதி வைக்கான், சொல்லுங்க பாப்போம்."

அப்பா காலம் வரை இருப்பது, பிறகு ஆலையை விற்றுவிட்டு குன்னூரில் என் காலேஜ் சிநேகிதி ஜெயந்தி வீட்டு மாடி அறைக்குப் போய்விடுவது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பது. இதுதான் என் கணக்கு. ஜெயந்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. அறையை எனக்காகவே காலியாகப் போட்டு வைத்திருக்கிறாள்.

வாங்க வேண்டியது: அப்பா மாத்திரை, எலுமிச்சம்பழம், ரப்பர் செருப்பு ஒரு டஜன் (ஆலைக்கு).

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி பதினெட்டு. பிரஸ்ஸில் பூஜை, ஆல்பத்துக்குச் சந்தனம், எல்லோருக்கும் கேசரி. நல்ல நாள் என்று உயிலிலும் இன்றே கையெழுத்து, அப்பா அறையில். சாட்சி: டாக்டர், பிரஸ் மேனேஜர். அப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், தன் கையாலேயே தேதி போட்டார்.

பதிவு வேண்டாமாம் அப்பாவுக்கு. "ஆபீஸுக்குப் போனா பொழுது சாயுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும்." கவர் பீரோவில். சாவி என்னிடம்.

சாயங்காலம் நகல் எடுக்கும்போதுதான் கவனித்தேன். வருடம் தப்பு. அடுத்த வருடம்! சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார். வக்கீல், சாட்சிகள் என்று மூன்று பேர் பக்கத்தில் இருந்தும் ஒருவரும் பார்க்கவில்லை. டாக்டரின் கண் கேசரியில்.

நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம் விருதுநகர், வக்கீல் ஆபீஸ். பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், ஒரு உயிலில் தேதி தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று.

"அது ஒண்ணுக்காகச் செல்லாமப் போயிராது. ஆனா இன்னும் பொறக்காத வருசத்தப் போட்டிருந்தா எதிர்பார்ட்டி சும்மா இருப்பானா? பெரியவருக்குப் புத்தி பெசகிருச்சும்பான். கோர்ட்டு, கேஸுன்னு இழுத்துரும். உயில் நிக்கலைன்னா புள்ளைக ரெண்டு பேருக்கும் சரிபாதி."

"அந்தப் பாதிய விக்கலாமா?"

"தாராளமா." கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "யாரு உயில்?"

"தெரிஞ்சவக."

பஸ்ஸில் ஜன்னலோரம். குன்னூருக்கு ஸ்வெட்டர் வேண்டும், என்னிடம் ஒன்றுகூட இல்லை. தனியாகச் சிரித்தேன். இது நடக்க அப்பா சாக வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது. என்ன பெண் நான்.

நேரே ஆலைக்கு. மணி நாலு. இந்த வெயிலுக்குப் பன்னிரண்டு மணிக்கே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேர். வெடிமருந்துத் தட்டு முழங்காலில் இடிக்கிறது. சத்தம் போட்டு எல்லோரையும் வெளியே அனுப்பினேன். போர்மேன் தலையைச் சொறிகிறார். "சீசன் லோடும்மா. ஒரு நாள்தான..."

விஸ்வநத்தத்திலிருந்து வேலைக்கு வரும் மாரியம்மா வேனில் ஏறும்போது சொன்னது: "நீங்க ஒரு மத்தியானம் இல்ல, அதுக்கே இம்புட்டுக் கூத்து பாப்பா. நீங்க இருக்கீகன்னுதான் எம்மகளையும் இங்கன கூட்டியாந்தேன்."

யார் கூட்டி வரச் சொன்னது? கோபம் கோபமாக வந்தது. ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

குழாய் ரிப்பேர். ஆள் வரவில்லை.

அப்பாவிடம் கேட்டே விட்டேன். விற்கிற உரிமையோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் எனக்கு வேண்டாம்.

அப்பா சொன்னார், "வித்தா வாங்குறவன் ரூம் ரூமா குத்தகைக்கு விட்டுருவான் செல்வி. நாலு பேரு ரூம்ல பத்து பேரத் திணிப்பான். ஒங்கண்ணன் கையில குடுத்தா மறுநாளே வித்துருவான். நீ அப்படிச் செய்ய மாட்டே. ஆனா நீயும் சலிச்சுப் போவேல்லா? அதுக்குத்தான் விக்கக் கூடாதுன்னு அந்த வரி."

தெரிந்தேதான் கட்டிப் போட்டிருக்கிறார். ஏழு பேர் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள். மாத்திரை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேகம் கூடியது, மழை இல்லை.

காலையில் வக்கீல் அண்ணாச்சி போன். உயிலில் ஆலை நிலத்தின் சர்வே எண் தப்பாம். அடித்துத் திருத்தினால் அசிங்கம், புதிதாக டைப் செய்து கொண்டுவருகிறாராம், மற்ற வரியெல்லாம் அப்படியே. வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று மணிக்கு வந்தார். டாக்டர், மேனேஜர், அதே நாற்காலிகள். கேசரி இல்லை. பழைய உயிலை அப்பா கையாலேயே கிழிக்க வைத்தார். தேதியை யாரும் பார்க்கவில்லை, கடைசி வரை.

அப்பா கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், பழக்கம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு என்ன தேதி தாயி?"

காலண்டர் அங்கேயேதான் தொங்கியது. அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம், அவரே பார்த்து எழுதியிருப்பார்.

எட்டாம் மாதம், எட்டாம் தேதி என்றேன். வருடத்தையும் சொன்னேன், இந்த வருடத்தை. அவர் எழுதி முடிக்கும் வரை பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயந்திக்கு மெசேஜ்: மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடு.